எதையும் விழுங்கும் வாய்

இங்கிலாந்தில் ஜூலியன் ஹக்ஸ்லி என்ற இளம் உயிரியலாளர் இரண்டு ஆக்சலாட்டல்களுக்கு மாட்டின் தைராய்டு சுரப்பியை இரையாகக் கொடுத்துவந்தார். நாளடைவில் அவற்றின் தலைக்குப் பின்னால் இழை இழையாக விரிந்திருந்த செவுள்கள் சுருங்கி மறைந்தன. முதுகிலும் வாலிலும் ஓடிய மெல்லிய துடுப்புச் சவ்வு கரைந்தது. வாழ்நாள் முழுவதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கவேண்டிய அந்தப் பிராணிகள் நுரையீரலால் மூச்சுவிட்டுக்கொண்டு தரையில் நடக்கத் தொடங்கின. 1920இல் ‘நேச்சர்’ இதழில் ஹக்ஸ்லி எழுதிய குறிப்பு செய்தித்தாள்கள் வரைக்கும் போய்ப் பரபரப்பானது. செக் நாட்டு உடலியலாளர் விலெம் லௌஃப்பெர்கர் 1913இலேயே இதைச் செய்து காட்டியிருந்தார். செக் மொழியில் வெளியானதால் அதை வெளியே அதிகம் பேர் கவனிக்கவில்லை.

இந்தச் சோதனையில் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. வாய் வழியாகப் போன இரை, ஒரு விலங்கின் உடலை வேறொரு உடலாக மாற்றியது. ஆக்சலாட்டலின் உணவைப் பற்றிப் பேசும்போது இந்தச் சோதனையிலிருந்து தொடங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது. “பசிக்கு எதையாவது போட்டால் சாப்பிட்டுக்கொள்ளும்” என்று நினைத்து இதை வளர்க்க ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். அது உண்மையில் எதைப் போட்டாலும் விழுங்கத்தான் முயலும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

தலைப்பிரட்டை வளர்ந்து தவளையாவதைக் குட்டைகளில் பார்த்திருக்கிறோம். தவளையின் தூரத்து உறவான சாலமாண்டர்களிலும் பல அப்படித்தான்: தண்ணீரில் செவுளோடு பிறந்து, பிறகு செவுளை இழந்து கரையேறும். ஆக்சலாட்டலும் ஒரு சாலமாண்டர்தான், ஆனால் அந்தக் கடைசிப் படியை அது ஏறுவதில்லை. குஞ்சுக் கோலத்திலேயே பருவமடைந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு, நல்ல பராமரிப்பில் 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழ்ந்து முடிக்கிறது. உருமாற்றத்தைத் தொடங்கிவைக்கும் அளவுக்கு அதன் தைராய்டு தூண்டப்படுவதில்லை என்பதே காரணம். ஹக்ஸ்லி அந்தக் குறையை மாட்டின் சுரப்பியைக் கொண்டு நிரப்பினார். இன்றும் வேடிக்கைக்காக அயோடினும் ஹார்மோனும் கொடுத்து இதைச் செய்துபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பல இறந்துபோகின்றன, பிழைப்பவையும் வழக்கமான ஆயுளை எட்டுவதில்லை. வீட்டில் வளர்க்கும் ஒரு பிராணிக்கு யாரும் செய்யக்கூடாத காரியம் அது.

இதன் பூர்வீகம் மெக்சிகோ பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருந்த சொச்சிமில்கோ, சால்கோ ஏரிகள்தான் இதன் வீடு. சால்கோவை வடித்துவிட்டார்கள். சொச்சிமில்கோவில் எஞ்சியிருப்பது, ஆஸ்டெக் காலத்திலிருந்து உழவர்கள் சேற்றை வாரிக் கட்டிய சினாம்பா என்ற விளைநிலத் திட்டுகளும் அவற்றுக்கு நடுவே ஓடும் கால்வாய்களும்தான். உயரமான இடமாதலால் தண்ணீர் ஆண்டு முழுக்கக் குளிர்ச்சியாகவே இருக்கும். அந்தக் கால்வாய்களின் அடிச்சேற்றில் புழுக்கள், பூச்சிகளின் நீர்ப்பருவ இளவுயிரிகள், நத்தைகள், உள்ளூரில் அகோசில் என்று அழைக்கப்படும் சிறிய நன்னீர் இறால்கள், சின்ன மீன்கள் எல்லாம் உண்டு. ஆக்சலாட்டலின் உடல் இந்தப் பந்திக்காக உருவானது. இதில் தானியம் இல்லை, பச்சிலை இல்லை, பாலூட்டியின் கொழுப்பும் இல்லை. எந்த உணவைப் பற்றியும் கொடுக்கலாமா என்ற கேள்வி வந்தால் முதலில் இந்தச் சேற்றை நினைத்துப் பார்ப்பது நல்லது.

1864இல் பாரிஸுக்கு 34 ஆக்சலாட்டல்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஆறு, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊர்வனத் துறைக்குப் பொறுப்பாக இருந்த ஒகூஸ்த் துமேரிலிடம் ஒப்படைக்கப்பட்டன. அங்கே அவை நன்றாகப் பெருகின. துமேரில் ஐரோப்பாவெங்கும் ஆய்வாளர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் அவற்றைப் பகிர்ந்துகொடுத்தார். இன்று உலகெங்கும் சோதனைக்கூடங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் இருக்கும் ஆக்சலாட்டல்களில் பெரும்பகுதி அந்த வழி வந்ததே. ஆக, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாக மனிதர் கையால் சாப்பிட்டுப் பிழைத்துவரும் விலங்கு இது. இவ்வளவு காலம் ஊட்டிப் பழகியதில் நமக்குக் கிடைத்த பாடங்கள் அநேகம்.

முதல் பாடத்தை அதன் வாயே சொல்லிக்கொடுக்கிறது. கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அது சாப்பிடுவதைப் பாருங்கள். ஒரு மண்புழு அதன் மூக்குக்கு முன்னால் நெளிகிறது. ஆக்சலாட்டல் அசையாமல் இருக்கிறது. பிறகு தலையை அரை விரல்கடை திருப்புகிறது. அடுத்த கணம் புழுவின் பாதி வாய்க்கு வெளியே தொங்குகிறது, நடுவில் நடந்தது எதுவும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நடந்தது இதுதான்: தாடை திறந்த அதே நேரத்தில் தொண்டையின் அடியிலுள்ள நாவடி எலும்புகள் வேகமாகக் கீழிறங்கி, வாயின் உட்புறம் திடீரென்று விரிகிறது. ஊசி கழற்றிய சிரிஞ்சைத் தண்ணீரில் முக்கி அதன் தண்டை வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. தண்ணீர் உள்ளே பாய்கிறது, தண்ணீரோடு புழுவும் வருகிறது. ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். உள்ளே வந்த தண்ணீர் செவுள் பிளவுகள் வழியாக வெளியேற, இரை மட்டும் தங்கும்.

இந்த வாயில் பல் உண்டு, ஆனால் கடிக்கவோ மெல்லவோ அல்ல. அரம் தேய்த்த மாதிரி மிகச் சிறிய பற்கள். வழுக்கும் இரை நழுவாமல் பிடித்துக்கொள்வதோடு அவற்றின் வேலை தீர்ந்தது. அப்புறம் முழுசாக விழுங்குவதுதான். கோழிக்கு இருப்பது போன்ற அரைவைப்பையும் கிடையாது. வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும் மெல்ல மெல்லக் கரைத்தால்தான் உண்டு. இதிலிருந்து இரண்டு முடிவுகள் நேராக வந்துவிடுகின்றன. ஒன்று, இரை மென்மையாக இருக்கவேண்டும். இன்னொன்று, அதன் பருமன் ஆக்சலாட்டலின் இரு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தை மிஞ்சக்கூடாது. நீளத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். நீளமான புழுவைத் தலையை உதறி உதறி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உறிஞ்சும் வாய்க்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. ஆக்சலாட்டலின் பார்வை சுமார்தான். மோப்பமும், தண்ணீரின் அசைவை உணரும் பக்கக்கோட்டு உறுப்புகளும், உயிருள்ள இரையின் நுண்ணிய மின்புலத்தை அறியும் ஏற்பிகளும்தான் அதற்கு வழிகாட்டிகள். இரை இருக்கும் திசையைக் கண்டுகொண்டால் அந்தப் பக்கத்தில் இருப்பதை எல்லாம் சேர்த்து உறிஞ்சிவிடும். தொட்டியின் அடியில் அழகுக்காகப் பரப்பிய கூழாங்கற்கள் இப்படித்தான் வயிற்றுக்குள் போய்க் குடலை அடைத்துக்கொள்கின்றன. உணவைப் பற்றிய அத்தியாயத்தில் கல்லைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது: ஆக்சலாட்டலைப் பொறுத்தவரை வாய்க்குள் நுழையும் அளவில் தொட்டியில் கிடக்கும் எல்லாமே உணவுதான். அடித்தளத்தை வெறுமையாக விடலாம், மாவு மாதிரியான மணலைப் பரப்பலாம், அல்லது அதன் தலையைவிடப் பெரிய கற்களை வைக்கலாம். நடுத்தரமான சரளைக்கு அங்கே இடமே இல்லை.

சரி, என்ன கொடுப்பது? வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு ஒரே ஒரு உணவைச் சொல்லுங்கள் என்று கேட்டால் தயங்காமல் மண்புழு என்பேன். மென்மையான உடல், ஓடு கிடையாது, உலர் எடையில் பாதிக்கும் மேல் புரதம், கொழுப்பு குறைவு. தீவனத்துக்காக வளர்க்கும் பண்ணைப் பூச்சிகளில் பாஸ்பரஸ் கூடுதலாகவும் கால்சியம் மிகக் குறைவாகவும் இருக்கும். அவற்றையே தொடர்ந்து தின்னும் விலங்கு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துச் செலவழிக்க நேரும். மண்புழுவில் இந்த விகிதம் எவ்வளவோ மேல். மண்ணைத் தின்று வாழ்வதால் அதன் குடலில் இருக்கும் மண்ணோடு தாதுக்களும் சேர்ந்து போகின்றன.

ஆனால் எல்லா மண்புழுவும் ஒன்றல்ல. மேலைநாடுகளில் தூண்டில்காரர்களுக்காக விற்கும் பெரிய ‘நைட்கிராலர்’ புழுக்களை ஆக்சலாட்டல்கள் விரும்பித் தின்னும். உரக்குழிகளில் வளர்க்கும் சிவப்புப் புழுவான ஐசீனியா ஃபெட்டிடாவைப் போட்டால் பல ஆக்சலாட்டல்கள் வாயில் வாங்கிய வேகத்திலேயே துப்பிவிடும். தொந்தரவு செய்தால் இந்தப் புழு உடலிலிருந்து மஞ்சள் நிறத்தில், நாற்றமடிக்கும் ஒரு திரவத்தைக் கசியவிடுகிறது. அதில் லைசெனின் என்ற புரதம் இருக்கிறது. முதுகெலும்பிகளின் செல் சவ்வில் உள்ள ஸ்பிங்கோமையலின் என்ற கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு சவ்விலேயே துளை போடக்கூடியது அது. புழுவுக்கு இது தற்காப்பு, நம் பிராணிக்கு வாய் முழுக்கக் கசப்பு. கொதிநீரில் ஒரு கணம் முக்கியெடுத்துக் கொடுத்தால் சில ஆக்சலாட்டல்கள் ஏற்றுக்கொள்கின்றன. அப்படியும் துப்பினால் அது சொல்வதைக் கேட்டுவிடுவதுதான் மரியாதை.

தமிழ்நாட்டில் மண்புழு உரம் தயாரிப்பவர்களிடம் புழு வாங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். இங்கே உரத்தொட்டிகளில் அதிகம் புழங்குபவை இந்த ஐசீனியாவும், ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸ் யூஜீனியேவும். பின்னது பருமனாக, ஊதா கலந்த பழுப்பில் இருக்கும். கேட்டு வாங்கினால் பிரித்துக் கொடுப்பார்கள். வயலிலும் தோட்டத்திலும் தோண்டியெடுத்த புழு வேண்டாம். மண்ணில் தெளித்த பூச்சிமருந்து புழுவின் உடலில் தங்கியிருக்கும், நீர்நில வாழ்வன இவ்வகை நஞ்சுகளைத் தாங்குவதில் மிகவும் பலவீனமானவை. வாங்கிய புழுவையும் சில நாள் ஈரமான தென்னைநார்க் கழிவில் வைத்து, காய்கறித் தோல் போட்டு வளர்த்துவிட்டு, குளிர்ந்த நீரில் அலசிக் கொடுப்பது நல்லது. பெரிய புழுவாக இருந்தால் இரண்டாக நறுக்கலாம். இது பலருக்கு மனம் ஒப்பாத வேலை, எனக்கும் அது புரிகிறது. ஆனால் மாமிசம் மட்டுமே தின்னும் ஒரு விலங்கை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் தீர்மானிக்க வேண்டிய விஷயம் அது.

மண்புழுவுக்கு அடுத்த இடம் கருப்புப்புழுவுக்கு. லம்பிரிக்குலஸ் என்ற நன்னீர்ப் புழு இது. நூல் மாதிரி மெல்லியது, இளம் ஆக்சலாட்டலுக்குக் கச்சிதமான அளவு. தொட்டியில் விட்டால் உயிரோடு இருந்து, ஆக்சலாட்டல் தேடித் தேடித் தின்னும்வரை காத்திருக்கும். மீன்கடைகளில் இதற்குப் பதிலாக ட்யூபிஃபெக்ஸ் எளிதாகக் கிடைக்கும், பார்வைக்கும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ட்யூபிஃபெக்ஸ் செழித்து வளர்வது கழிவு கலந்த, ஆக்சிஜன் குறைந்த சேற்றில். அங்கேயிருந்து அள்ளிவந்த புழுவோடு கிருமிகளும் கன உலோகங்களும் வரலாம். நான் தவிர்க்கச் சொல்வேன்.

உறைய வைத்த ரத்தப்புழு, அதாவது கைரோனோமஸ் என்ற கடிக்காத கொசுவினத்தின் இளவுயிரி, சிறு சதுரக் கட்டிகளாக விற்கப்படுகிறது. ஆக்சலாட்டல்களுக்கு அதன் மீது கொள்ளைப் பிரியம். ஆனால் வளர்ந்த விலங்குக்கு அது நொறுக்குத்தீனிதான். அதையே தினமும் கொடுத்துப் பழக்கினால் மண்புழுவைத் திரும்பியும் பார்க்காத ஆக்சலாட்டல்கள் உண்டு. குட்டிகள் மண்புழுத் துண்டுக்கு மாறும் காலத்தில் இடைப்பாலமாகவும், நோயிலிருந்து எழுந்ததற்குப் பசியைத் தூண்டவும் ரத்தப்புழு உதவும்.

பெல்லட் என்ற குருணைத் தீவனத்தைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஆம்பிஸ்டோமா மரபியல் இருப்பு மையம்தான் உலகெங்கும் ஆய்வாளர்களுக்கு ஆக்சலாட்டல்களை வளர்த்து அனுப்புகிறது. 1950களில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ரூஃபஸ் ஹம்ப்ரி கட்டியெழுப்பிய கூட்டம் 2005இல் கென்டக்கிக்கு இடம்பெயர்ந்து வளர்ந்தது அது. அங்கே வளர்ந்தவற்றுக்குச் சால்மன் மீனுக்கென்று தயாரித்த மென்மையான பெல்லட்டையே கொடுத்துத் தலைமுறைகளை வளர்த்திருக்கிறார்கள். பெல்லட் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: மூழ்க வேண்டும், தண்ணீர் பட்டதும் மிருதுவாக வேண்டும், பொருள்பட்டியலில் கோதுமையோ சோயாவோ முதலில் வராமல் மீன்மாவு முதலில் வர வேண்டும். சாதாரண வண்ணமீன்களுக்கான மிதக்கும் தீவனம் இதற்கு ஆகாது. ஆக்சலாட்டல் தரையில் தேடுவது, மேலே மிதப்பதை எடுக்கப் போனால் காற்றையும் சேர்த்து விழுங்கிவிட்டு அடியில் நிலைகொள்ள முடியாமல் தடுமாறும்.

கூடாதவற்றில் முதலாவதாக நான் சொல்வது, சிறு மீன்களை உயிரோடு விடும் பழக்கத்தை. தொட்டியில் தங்கமீன் குஞ்சுகளை விட்டு ஆக்சலாட்டல் வேட்டையாடுவதைப் பார்ப்பதில் சிலருக்கு ஆர்வம் அதிகம். 1930களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு நரிப்பண்ணையில் பச்சைக் கெண்டைமீன் தின்ற நரிகள் கால் செயலிழந்து செத்து விழுந்தன. பண்ணைக்காரர் பெயரால் அந்த நோய் சாஸ்டெக் வாதம் என்று வழங்கலாயிற்று. கெண்டைமீனின் உடலில் தையமினேஸ் என்ற நொதி இருப்பதும், அது வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடுவதும் பிற்பாடு தெரியவந்தது. தங்கமீன் கெண்டையின் நெருங்கிய சொந்தம், அதனிடமும் அந்த நொதி உண்டு. எப்போதோ ஒன்றைத் தின்பதால் ஒன்றும் ஆகிவிடாது. அதுவே அன்றாட உணவானால் நரம்புகள் பாதிக்கப்படும். இதற்கு மேல், கடையிலிருந்து வந்த மீனோடு ஒட்டுண்ணிகள் வரும், முள் வரும். பசித்த மீன் ஆக்சலாட்டலின் செவுளிழைகளைப் புழு என்று நினைத்துக் கொறிப்பதும் உண்டு.

மாட்டின் இதயமும் ஈரலும் பழைய சோதனைக்கூடங்களில் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்பட்டவை. மலிவு, நறுக்க எளிது, ஆக்சலாட்டலும் ஆசையோடு தின்னும். ஆனால் பாலூட்டியின் கொழுப்பு நம் உடல் வெப்பத்தில் இளகும், குளிர்ந்த தண்ணீரில் வாழும் விலங்கின் வயிற்றில் இறுகியே கிடக்கும். இதயத் தசையில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம், பாஸ்பரஸ் மட்டும் ஏராளம். கோழிக்கறிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். மீல்வார்ம் என்ற வண்டுப்புழுவின் தோல் கைட்டினால் ஆனது, மெல்லாத வாய்க்கும் அரைக்காத வயிற்றுக்கும் அது கடினம். காய்கறி, சோறு, பிஸ்கட் ஆகியவற்றைக் குழந்தைகள் ஆசையாகப் போடுவார்கள். ஆக்சலாட்டலின் குடலுக்கு அவற்றோடு செய்ய ஒன்றும் இல்லை.

குஞ்சுகளின் கதை தனி. முட்டையிலிருந்து வெளிவந்ததும் இரண்டு மூன்று நாளைக்கு வயிற்றிலுள்ள மஞ்சள்கருவே போதும். அது தீர்ந்த பிறகு குஞ்சுக்கு அசைவதே உணவு, அசையாதது கண்ணில் படாது. தூளாக்கிய பெல்லட்டைத் தூவினால் அதற்கு நடுவிலேயே பட்டினி கிடந்து சாகும். இந்தக் கட்டத்தில் உலகெங்கும் கைகொடுப்பது ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால்தான். அதன் முட்டைகள் உலர்ந்த பழுப்புத் தூளாக டப்பாவில் வரும். ஒரு பாட்டிலில் உப்புக் கரைத்த தண்ணீர் நிரப்பி, தூளைத் தூவி, காற்றுக்குழாயைச் செருகி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திவிட்டுப் பாட்டிலின் ஒரு பக்கம் விளக்கைக் காட்டினால் ஆரஞ்சு நிறத் துகள்கள் வெளிச்சத்தை நோக்கித் திரண்டு வரும். வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். திரண்டவற்றைக் குழாயால் இழுத்து, நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, குஞ்சுகள் இருக்கும் தொட்டியில் விட வேண்டும். நன்னீரில் அவை சில மணி நேரமே உயிரோடிருக்கும். மிச்சத்தை அகற்றாவிட்டால் அழுகும். காலையும் மாலையும் இதே வேலை, வாரக்கணக்கில். ஒரு முறைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும் விலங்கை இணைசேர விடும் முன் இந்த உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வது அவசியம்.

உணவு குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் குஞ்சுகள் உடனே காட்டிவிடும். பக்கத்தில் அசையும் உடன்பிறப்பின் காலும் செவுளும் அவற்றுக்கு இரையாகத் தெரியும். முன்னங்கால்கள் முளைத்துவரும் பருவத்தில் இந்தக் கடி உச்சத்தில் இருக்கும். இழந்த காலை முழுதாக மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றல்தான் ஆக்சலாட்டலை உலகப் புகழ்பெற்ற ஆய்வு விலங்காக்கியது. 2018இல் வரிசைப்படுத்தி முடிக்கப்பட்ட அதன் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 3,200 கோடி எழுத்துகள் கொண்டது, மனிதனுடையதைப் போலப் பத்து மடங்கு. அதற்காகக் காலை இழக்க விடலாம் என்று பொருளல்ல. வயிறார உணவும், அளவு வாரியாகப் பிரித்துவைத்த தொட்டிகளும் இருந்தால் பெரும்பாலான கடிகளைத் தவிர்க்கலாம்.

எவ்வளவு, எப்போது? குட்டிக்கு அன்றாடம். வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை போதும், ஒரு வேளைக்கு ஒரு பெரிய மண்புழு, இல்லையென்றால் அதற்கு ஈடான பெல்லட். மேலே இருந்து பார்க்கும்போது வயிற்றின் அகலம் தலையின் அகலத்தை ஒட்டி இருந்தால் சரி. வயிறு புடைத்து நின்றால் குறைக்க வேண்டும், உள்வாங்கியிருந்தால் கூட்ட வேண்டும். அந்தி சாய்ந்ததும் உற்சாகமாகும் பிராணி என்பதால், அறை விளக்கைத் தணித்துவிட்டு, முனை மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கியால் மூக்குக்கு முன்னால் புழுவை மெல்ல ஆட்டிக் காட்டுங்கள். அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். புரதம் அழுகினால் அம்மோனியா உண்டாகும். வெளியே விரிந்து கிடக்கும் செவுளிழைகளுக்கு அதைவிடக் கொடிய நஞ்சு தொட்டிக்குள் வேறில்லை.

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் தண்ணீர் சூடாக இருந்தால் பயனில்லை. ஆக்சலாட்டலுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் மிக உகந்தது, 20 வரை போகலாம். 24ஐத் தாண்டினால் உடல் அவதிப்படத் தொடங்கும். குளிர்ரத்தப் பிராணியின் செரிமானம் தண்ணீரின் வெப்பத்தோடு கட்டுண்டது. சூட்டில் உடலின் வேலை கூடும், பசியோ குறையும், விழுங்கிய இரை செரிப்பதற்கு முன் வயிற்றிலேயே கெட்டு வாயு உண்டாகி உப்பிவிடும். “சாப்பிட மாட்டேன் என்கிறது, வேறு என்ன கொடுக்கலாம்?” என்று கேட்பவர்களிடம் நான் முதலில் தண்ணீரின் வெப்பத்தைத்தான் கேட்பேன். சென்னையில் கோடைக்காலத்தில் சாதாரணத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்குப் போய்விடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியும் அதற்கான மின்சாரமும் இல்லாமல் இங்கே ஆக்சலாட்டல் வளர்ப்பது அதைச் சித்திரவதை செய்வதாகும். அதோடு இது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கும் விலங்கு. 2022இல் திருத்தப்பட்ட இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்படிப்பட்டவற்றை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும்.

வீட்டுத் தொட்டிகளில் இது பெருகியிருக்கும் காலத்தில்தான் சொந்த ஊரில் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஸாம்பிரானோ உள்ளிட்ட ஆய்வாளர்களின் கணக்குப்படி, 1998இல் சொச்சிமில்கோவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 ஆக்சலாட்டல்கள் இருந்தன. 2014 வாக்கில் அது 36 அளவுக்கு வந்துவிட்டது. மீன்வளத்தைப் பெருக்குவதற்காகக் கால்வாய்களில் விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. அதோடு, ஆக்சலாட்டல் தின்னவேண்டிய இரைகளையும் அவையே பங்குபோட்டுக்கொண்டன. நகரத்தின் கழிவுநீரும் கலந்தது.

அந்த ஆய்வுக் குழு அங்கே சில கால்வாய்ப் பகுதிகளை வடிகட்டிகளால் அடைத்து, அயல்மீன் நுழையாதபடி சினாம்பா உழவர்களோடு சேர்ந்து மீட்டெடுத்துவருகிறது. வளர்ப்பில் பிறந்த 18 ஆக்சலாட்டல்களை ரேடியோ கருவி பொருத்தி, அப்படி மீட்ட ஒரு கால்வாயிலும் நகரத்துக்குள் இருக்கும் ஒரு செயற்கை ஈரநிலத்திலும் விட்டார்கள். 2025இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, கண்காணித்த காலம் முழுவதும் எல்லாமே உயிரோடிருந்தன. பிற்பாடு மீண்டும் பிடிபட்டவற்றை நிறுத்துப் பார்த்தபோது எடை கூடியிருந்தது. அதுவரை மனிதர் போட்டதைத் தின்றே வளர்ந்த அவை, தமக்கு வேண்டிய இரையைத் தாமே தேடிக்கொண்டிருந்தன.